நாங்கள் என்றால் யார் யார்?

ஏப்ரல் 4
படகிலிருந்து

பிழை பார்க்கும் மகாராணிக்கு,

தொட்டி போய்விட்டது. முதலில் அதைச் சொல்லிவிட்டால் மற்றதை நீ கொஞ்சம் கோபம் குறைந்து படிப்பாய்.

ஜனவரியில் கரையில் நின்று நீ போட்ட சத்தம் துறைமுகம் முழுக்கக் கேட்டது. "அந்த நாத்தம் புடிச்ச தொட்டி இருக்கிற வரைக்கும் நான் இதுல கால் வைக்க மாட்டேன். நீங்களும் உங்க படகும் கட்டிக்கிட்டு அழுங்க" என்றாய். நியாயம்தான். அடைத்துக்கொண்ட கழிவறையைப் பம்பு அடித்துச் சரி செய்கிறேன் என்று நான்தான் ஆரம்பித்தேன். உள்ளே போக வேண்டியதெல்லாம் உன் வெள்ளைச் சட்டை மேல் வந்தது. "ஒண்ணுமில்ல, தண்ணிதான்" என்று அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்கக் கூடாது.

சரி, கேள். பழைய கழிவறை, பம்பு, குழாய், படுக்கைக்கு அடியில் இருந்த கழிவுத் தொட்டி, எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டேன். அதற்குப் பதில் உரம் ஆக்கும் கழிவறை வைத்திருக்கிறேன். அதில் தண்ணீரே கிடையாது. உட்காருகிற இடத்தில் முன்பக்கம் ஒரு வடிகால் உண்டு. சிறுநீர் அது வழியாக முன்னால் இருக்கும் பாட்டிலுக்குப் போய்விடும். மற்றது பின்னால் இருக்கும் பெட்டியில் விழும். பெட்டியில் தேங்காய் நார்த்தூள் போட்டிருக்கிறது. பக்கத்துக் கைப்பிடியை நாலு சுற்றுச் சுற்றினால் எல்லாம் கலந்து, காய்ந்து, மெல்ல மண்ணாகிவிடும். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால்தான் நாற்றமாம். பிரித்து வைத்தால் பிரச்சினை இல்லையாம். நம்மைப் போல என்று நீ சொல்லுவாய், சொல்லிக்கொள்.

இதில் ஆண்களும் உட்கார்ந்துதான் போக வேண்டும். போகிறேன்.

நாங்கள் இப்போது சுகமாக இருக்கிறோம். நாற்றம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஜூன் கடைசியில் உனக்கு வேலை ஓய்வு. வீட்டைக் காலி செய்துவிட்டு வந்துவிடு. போன் தண்ணீரில் விழுந்துவிட்டதால் இந்தக் கடிதம். போனில் என்றால் நீ பாதியிலேயே வைத்துவிடுவாய், இதை முழுக்கப் படித்துத்தான் ஆக வேண்டும்.

கைப்பிடி சுற்றும்போதும் உன்னையே நினைக்கும்
உன் வீட்டுக்காரன்

*

ஏப்ரல் 11
வீட்டிலிருந்து

கேப்டன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தில் எழுத்துப் பிழை ஐந்து. அச்சகத்தில் பிழை திருத்தும் கை சும்மா இருக்காதே, ஐந்தையும் சிவப்பு மையில் திருத்திவிட்டேன். ஆறாவதுதான் என்னைத் தூங்க விடவில்லை.

"நாங்கள் இப்போது சுகமாக இருக்கிறோம்."

நாம் என்று எழுதினால் அதில் நானும் சேர்த்தி. நாங்கள் என்று எழுதினால் நான் வெளியே. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது. நான் வெளியே இருப்பது சரி, நானாகத்தான் வந்தேன். உள்ளே இருப்பது யார் யார்?

இன்னொன்று. கல்யாணமான நாளிலிருந்து உட்கார்ந்து போங்கள், உட்கார்ந்து போங்கள் என்று தொண்டை வற்றக் கத்தியிருக்கிறேன். "ஆம்பளைங்க உட்கார மாட்டாங்க" என்று கதவைச் சாத்திக்கொண்ட மனிதர் நீங்கள். இந்த மூன்று மாதத்தில் உங்களை உட்கார வைத்த புண்ணியவதி யார்? காலில் விழுந்து கும்பிட வேண்டும்.

கடையில் நாலு பனியனைக் காட்டினால் ஒன்றை எடுக்க அரை நாள் ஆகும் உங்களுக்கு. அப்படிப்பட்டவர் உலகத்தில் யாருக்கும் தெரியாத ஒரு கழிவறையைத் தானாகத் தேடிக் கண்டுபிடித்து, தானாக மாட்டினாராம். யார் காதில் பூ சுற்றுகிறீர்கள்? போன் தண்ணீரில் விழுந்ததாம். இன்னொன்று வாங்கக் கடை இல்லையா, அல்லது பேசும்போது பின்னால் யாராவது தும்மினால் எனக்குக் கேட்டுவிடும் என்ற பயமா?

வீட்டுச் சொந்தக்கார அம்மா நேற்றும் மாடிப்படியில் நிறுத்திக் கேட்டார். "காலி பண்றீங்களா, இன்னும் ஒரு வருஷம் எழுதிக்கலாமா?" நான் சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன். எத்தனை நாள் மழுப்ப முடியும் என்பது உங்கள் பதிலில் இருக்கிறது.

இப்படிக்கு,
வெளியே இருப்பவள்

*

ஏப்ரல் 19
படகிலிருந்து

அடி பைத்தியக்காரி,

நாங்கள் என்றால் நானும் படகும். வேறு யார்? கட்டிக்கொண்டு அழச் சொன்னது நீதானே. முப்பது வருஷம் மின்தூக்கி ரிப்பேர் பார்த்தவன் நான். "நாங்க ரெண்டு பேரும் மூணாவது மாடியில நிக்கிறோம்" என்று லிஃப்டைச் சேர்த்துத்தான் போனில் சொல்லுவேன். மறந்துவிட்டாயா?

கழிவறையைக் கண்டுபிடித்தது நான் இல்லை என்பது உண்மை. கரையில் பாய்மரத் துணி தைக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். கிழிந்த முன்பாயைக் கொண்டுபோனபோது நம் படகின் வாசனை எனக்கு முன்னால் அவள் கடைக்குள் போயிருக்கிறது. "அண்ணே, தொட்டிக்காரங்க எல்லாரும் இப்ப இதுக்குத்தான் மாறிட்டாங்க" என்று சொல்லி, அவள் படகில் இருப்பதைக் காட்டினாள். அண்ணே என்றாள். அடிக்கோடு போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்.

உன் திருப்திக்காகக் கழிவறையோடு வந்த விளக்கத் தாளையும் வைத்திருக்கிறேன். அதில் எத்தனை பிழை என்று எழுது, உனக்கும் பொழுது போகும்.

குறை என்றால் ஒன்றே ஒன்று, அந்தப் பாட்டில். காலையில் காலி செய்தால் சாயங்காலத்துக்குள் கழுத்து வரை வந்துவிடுகிறது. கரையில் இருக்கும் பொதுக் கழிவறைக்குத் தூக்கிக்கொண்டு நடந்து நடந்து கால் ஓய்ந்துபோகிறது. வெயில் அப்படி. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம் தீரவில்லை. பழைய குழாயை அறுக்கும்போது கையில் கிழித்துக்கொண்டேன், அதுவும் உப்புக்காற்றில் ஆறாமல் இழுக்கிறது. ஆனால் உழைப்புக்குப் பலன் உண்டு. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டிருக்கிறேன். வயிறு போன இடம் தெரியவில்லை. நீ வந்து பார்த்தால் அசந்துவிடுவாய்.

நானும் படகும்

*

ஏப்ரல் 27
வீட்டிலிருந்து

அண்ணனுக்கு,

அவளுக்கு அண்ணன் என்றால் எனக்கும் அப்படியே இருக்கட்டும்.

தாளைப் படித்தேன். பிழை மூன்று. ஆனால் நான்காவது பத்தியில் பிழையே இல்லை. "ஒருவர் மட்டும் பயன்படுத்தினால் முன்பாட்டில் நிறைய இரண்டு நாள் ஆகலாம்" என்று தெளிவாக இருக்கிறது. உங்கள் பாட்டில் ஒரே பகலில் நிறைகிறது. பெரிய கணக்கு ஒன்றும் வேண்டாம், இரண்டாவது ஆள் யார்? படகும் உட்கார்ந்து போகிறதா?

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது உங்களுக்குப் புதிதில்லை. மறைக்க வேண்டியதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் நீங்களே எழுதுவீர்கள். சோற்றைக் குறையுங்கள், இனிப்பைக் குறையுங்கள் என்று நான் கெஞ்சியபோது அசையாத வயிறு இப்போது யாருக்காகக் கரைந்தது? பெல்ட்டில் ஓட்டை போடும் அளவுக்கு இளைத்த மனிதர் அந்த அழகை எனக்கு மட்டுமா காட்டிக்கொண்டிருப்பார்?

கையெழுத்தையும் பார்த்தேன். முதல் கடிதத்தில் உங்கள் எழுத்து பழைய மாதிரி பொடிப்பொடியாக இருந்தது. இரண்டாவதில் ஒவ்வொன்றும் கொட்டை கொட்டையாக, கோட்டைவிட்டு இறங்கிப் போகிறது. நீங்கள் சொல்லச் சொல்ல யாராவது எழுதினார்களா? வேறு கை எழுதினால் எனக்குத் தெரியாமல் போகுமா? இத்தனை வருஷம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த வேலை இது.

அச்சகத்தில் எல்லாரும் கேட்கிறார்கள். "ஓய்வு வாங்கினதும் படகுதானே மேடம்? கொடுத்து வச்சவங்க." நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, பேப்பர் கட்டுகளுக்குப் பின்னால் போய்க் கண்ணைத் துடைத்துக்கொள்கிறேன். உங்களை எவ்வளவு திட்டினாலும் அந்தப் படகில்தான் நம் மிச்ச வாழ்க்கை என்று நினைத்திருந்தேன். இதைக்கூட உங்களிடம் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறதே என்று ஆத்திரமாக வருகிறது.

நேராகக் கேட்கிறேன், நேராகப் பதில் வேண்டும். படகில் இன்னொரு ஆள் உண்டா, இல்லையா? மே பத்துக்குள் பதில் வராவிட்டால் வீட்டுக்கார அம்மாவிடம் இன்னொரு வருஷம் எழுதிக்கொடுத்துவிடுவேன். அதன்பிறகு நீங்கள் யாரோடு வேண்டுமானாலும் சுகமாக இருக்கலாம்.

*

மே 5
படகில்

உனக்கு,

இல்லை. இல்லை. இல்லை. போதுமா?

எனக்கும் சந்தேகப்படத் தெரியும். நாற்றம் நாற்றம் என்றாய், நாற்றத்தை எடுத்தேன். இப்போது பாட்டில் என்கிறாய். பாட்டிலையும் எடுத்தால் கைப்பிடி என்பாய். உண்மையைச் சொல். உனக்குத் தண்ணீரில் வாழ இஷ்டமே இல்லை. அதைச் சொல்ல வாய் வராமல் என் மேல் ஒரு பெண்ணைக் கட்டிவிடுகிறாய். அந்தப் பாய் தைக்கிறவளுக்குத் தெரிந்தால் ஊசியாலேயே குத்துவாள்.

எழுத்து பெரிதாக இருப்பது கண்ணாடி சரியில்லாததால். எல்லாம் புகைமூட்டமாகத் தெரிகிறது. மாற்ற வேண்டும். கடைவரை நடக்கத்தான் தெம்பு இல்லை. படுத்தால் பகல் முழுக்கத் தூங்குகிறேன், எழுந்தால் தண்ணீர் குடிக்கிறேன், பாட்டிலைத் தூக்குகிறேன். இதுதான் என் சல்லாப வாழ்க்கை. வந்து பார்.

வேறொரு வேடிக்கை. நாற்றம் இல்லை என்று நான் சொன்னால் நம்ப மாட்டாய், எறும்பைக் கேள். கட்டின கயிறு வழியாக வரிசை வரிசையாகப் படகில் ஏறுகின்றன. சமையல் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. உன் சர்க்கரை டப்பாவைத் திறந்து வைத்துப் பார்த்தேன், சீண்டவில்லை. நேராகக் கழிவறைக்குப் போய் அந்தப் பாட்டிலைச் சுற்றித்தான் மொய்க்கின்றன. எறும்பே குடிவரும் அளவுக்குச் சுத்தமான கழிவறை வேறு எந்தப் படகிலாவது உண்டா? சொல் பார்ப்போம்.

எழுதிக் கை வலிக்கிறது. எழுதிக் கொடுப்பதென்றால் கொடுத்துவிடு. நாங்கள் எங்கேயும் போகவில்லை.

*

மே 9
அச்சகத்தில், மதியம்

கேப்டன் அவர்களுக்கு,

மூன்று தடவை இல்லை என்று எழுதினால் இல்லை என்று ஆகிவிடுமா? ஒரு தடவை எழுதியிருந்தால் நம்பியிருப்பேன்.

சர்க்கரை டப்பா ஏன் திறந்தது? எறும்புக்குச் சோதனை வைத்தீர்களாம். டீயில் சர்க்கரை போடாமல் குடிப்பவர் நீங்கள். போட்டுக் குடிப்பவள் நான். நான் அங்கே இல்லை. ஜனவரியிலேயே தீர்ந்துபோக வேண்டிய அந்த டப்பாவில் இன்னும் சர்க்கரை இருக்கிறதென்றால் யாருக்காக வாங்கி நிரப்பினீர்கள்? உங்கள் எறும்புக்கு இருக்கும் புத்திகூட எனக்கு இல்லை என்று நினைத்தீர்களா? எறும்பு சர்க்கரையை விட்டுவிட்டுப் பாட்டிலை மொய்க்கிறதாம். எந்த ஊரிலாவது எறும்பு சர்க்கரையை விட்டுவிட்டு மூத்திரத்தை

மேலே இருப்பதை எழுதிக்கொண்டு வந்தவள் பேனாவை வைத்துவிட்டேன்.

எறும்பு மொய்க்கிறது.

எங்கள் அப்பாவுக்கு அப்படித்தான் இருந்தது. குளியலறைச் சுவரோரம் கறுப்பாக ஒரு கோடு போகும். அம்மா நாள்தோறும் பினாயில் ஊற்றிக் கழுவினாளே தவிர ஏன் என்று கேட்கவில்லை. கால் விரலில் பட்ட புண் ஆறவில்லை என்று ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான் டாக்டர் கேட்டார், "வீட்டுல எறும்பு வந்திருக்குமே, யாருமே பாக்கலையா?" அப்பாவுக்கு விரலோடு போகவில்லை. உங்களுக்குத் தெரியும்.

உங்கள் கடிதங்களை எல்லாம் மேசையில் பரப்பி வைத்துப் பார்க்கிறேன். தாகம். ஆறாத காயம். இளைத்த வயிறு. கொட்டை எழுத்து. பகல் தூக்கம். நிறைந்துகொண்டே இருக்கும் பாட்டில். எல்லாவற்றுக்கும் கீழே நானே சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறேன். போட்டுவிட்டு அதில் ஒரு பெண்பிள்ளையைத் தேடியிருக்கிறேன். ஒரு பிழையைத் தேடிக்கொண்டு போகிற கண்ணுக்குப் பக்கத்துப் பிழை தெரியாது என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் நான்தான் சொல்லிக் கொடுப்பேன். ஐயோ, என்ன மனுஷி நான்.

இந்தக் கடிதம் தபாலில் போனால் எத்தனை நாள் ஆகும்? துறைமுக அலுவலகத்துக்குப் போன் போடுகிறேன். கதவைத் தட்டச் சொல்லுகிறேன். திறக்காவிட்டால் உடைக்கச் சொல்லுகிறேன்.

*

மே 11
பெரிய ஆஸ்பத்திரி

மகாராணிக்கு,

இது வேறு கையெழுத்து. நான் சொல்லச் சொல்ல நர்ஸ் எழுதுகிறார். இந்தத் தடவை உன் சந்தேகம் சரி.

உன் போன் வந்த பிறகு துறைமுகக் காவல்காரர் கதவைத் தட்டியிருக்கிறார். நான் திறக்கவில்லை. பாய் தைக்கிறவளும் அவரும் தாழ்ப்பாளை உடைத்து, என்னை ஒரு பழைய பாயில் சுருட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்களாம். எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை. கண் விழித்தபோது கையில் ஊசி, பக்கத்தில் தொங்கும் பை, காலடியில் ஒரு குட்டி டாக்டர். "சர்க்கரை மீட்டர் காட்டுற அளவையே தாண்டிருச்சு சார், அவ்வளவு இருந்துச்சு. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா..." என்று ஆரம்பித்தார். நர்ஸ் அதை எழுத வேண்டாம் என்கிறார். எழுதுங்க சிஸ்டர், அவளுக்குப் பிழையில்லாமல் வேண்டும்.

கையில் இருக்கும் புண்ணுக்கு மருந்து கட்டியிருக்கிறார்கள். கை பிழைத்துவிடும் என்கிறார்கள். நானும்.

எறும்பு ஏன் சர்க்கரை டப்பாவைச் சீண்டவில்லை என்று இப்போது புரிகிறது. நீ கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன், அந்த டப்பாவை நான் வாங்கி நிரப்பவில்லை. நீ போனபோது எவ்வளவு இருந்ததோ அவ்வளவுதான். இந்த ஈரக் காற்றில் கல்லாக உறைந்துவிட்டது. நீ வந்தால் உடைத்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன்.

வீட்டை இன்னொரு வருஷம் எழுதிக் கொடுத்துவிட்டாயா? மே பத்து நேற்றே போய்விட்டது. அதைக் கேட்கத்தான் இத்தனையும் எழுதச் சொன்னேன்.

இப்படிக்கு, கையெழுத்து போட முடியாதவர் (எழுதியது நர்ஸ்)

*

மே 13
படகிலிருந்து

என் வீட்டுக்காரருக்கு,

டிக்கெட் கிடைத்த முதல் ரயிலில் ஏறி, நேற்று இறங்கியதும் நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தேன். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கினீர்கள். கொஞ்ச நேரம் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்து விரலும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்தேன். இருக்கின்றன. அதற்குள் உங்கள் நர்ஸ், "நேரம் முடிஞ்சிருச்சும்மா, நாளைக்கு சாயங்காலம் வாங்க" என்று கடிதத்தைக் கையில் கொடுத்து வெளியே தள்ளிவிட்டார். அதனால்தான் இதை எழுதித் துணிப்பையில் வைக்கிறேன். பாய் தைக்கிறவள் மதியம் அந்தப் பக்கம் போகிறாளாம், கொண்டுவந்து தருவாள்.

அவளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கரையில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான் என்ன நினைத்திருந்தேன் என்பது அவளுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. "அக்கா, உங்க வீட்டுக்காரர் வாயைத் தொறந்தா கக்கூஸ் பத்தித்தான் பேசுவார். எவ பக்கத்துல நிப்பா?" என்றாள். படகுக்குப் போகும் பாலத்தின் நடுவில் நின்று இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு நான் அழுதேன். அவள்தான் பிடித்துப் படகில் ஏற்றிவிட்டாள்.

பிறவிக் குணம் போகுமா? ஏறியதும் எல்லாவற்றையும் சோதனை போட்டேன். ஒரு தலையணை. ஒரு தட்டு. ஒரு டம்ளர். பல் துலக்கும் பிரஷ் மட்டும் இரண்டு. எடுத்துப் பார்த்தால் ஒன்று என்னுடையது, ஜனவரியில் விட்டுப்போனது. அதற்கு மூடி போட்டுவைத்திருக்கிறீர்கள்.

கழிவறைக் கதவை மூக்கைப் பிடித்துக்கொண்டு திறந்தேன். பிறகு கையை எடுத்தேன். மழைக்குப் பின் தோட்டத்தில் வருமே, அந்த வாசனைதான் வந்தது. நாற்றம் இல்லை. எழுதிக் கொடுக்கிறேன், அடிக்கோடும் போடுகிறேன்.

பாட்டிலைக் கொட்டிக் கழுவிக் கவிழ்த்தேன். வீட்டில் பினாயிலோடு நின்ற அம்மா ஞாபகம் வந்தது. எறும்பை நான் பினாயில் ஊற்றிக் கொல்லவில்லை. கயிற்றிலிருந்து மெதுவாகத் தட்டி இறக்கிவிட்டேன். உங்களைக் காட்டிக்கொடுத்தது அவைதானே. நார்த்தூள் போட்டுக் கைப்பிடியை நாலு சுற்றும் சுற்றினேன். கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது, வந்து எண்ணெய் போடுங்கள்.

சர்க்கரையைச் சுத்தியலால் உடைத்து டீ போட்டுக் குடித்தேன். மிச்சத்தைக் கடலில் கொட்டிவிட்டேன். இனி இந்தப் படகில் யாருக்கும் அது கிடையாது.

வீட்டுக்கார அம்மாவிடம் ஒன்பதாம் தேதியே சொல்லிவிட்டேன், துறைமுகத்துக்குப் போன் போட்ட கையோடு. "காலி பண்றேம்மா" என்று. "யோசிச்சுச் சொல்றீங்களா?" என்றார். யோசித்துத்தான் இத்தனை நாள் வீணாய்ப் போனது என்றேன்.

இப்போது பகல் வெளிச்சத்தில் மேல்தளத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். படகு மெல்ல ஆடுகிறது. சாயங்காலம் பார்க்க வருகிறேன். டாக்டர் சொன்னபடி கேளுங்கள், ஊசிக்குக் கையை நீட்டுங்கள், நர்ஸிடம் கழிவறைக் கதை பேசாதீர்கள். சீக்கிரம் எழுந்து வாருங்கள்.

நாங்கள் காத்திருக்கிறோம். நாங்கள் என்றால் யார் யார் என்று கேட்காதீர்கள்.